மைக்கை எட்டுவதற்குள்

முகம் தெரியாத ஊடகம் என்று பெயர் வாங்கியது ரேடியோ. ஆனால் ஊனத்தோடு அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் குரல் மட்டும் போதவில்லை. படிக்கட்டு, விண்ணப்பம், தேர்வுத் தாள், கணினித் திரை எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பர் 27 அன்று ஒலிபரப்பான 'மன் கீ பாத்' உரையில் பிரதமர் நரேந்திர மோடி ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கச் சொன்னார். இந்தியில் ஊனமுற்றோரைக் குறிக்கும் 'விக்லாங்' என்பதற்குப் பதிலாக 'திவ்யாங்' என்று சொல்லலாமே என்பது அவரது யோசனை. தெய்வீக அங்கம் கொண்டவர் என்று பொருள். அரசு ஏடுகளில் புதிய சொல் மளமளவென்று ஏறியது. உரிமை அமைப்புகள் பலவும் இதை ரசிக்கவில்லை. பெயரை மாற்றினால் பாகுபாடு போய்விடாது என்பது அவர்களின் வாதம்.

சொல் பற்றிய இந்தச் சர்ச்சையில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. புதிய பெயரை நாட்டுக்கு அறிவித்தது வானொலி. அதே வானொலியில் அறிவிப்பாளராகவோ நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவோ ஒரு பார்வையற்றவர் வேலை கேட்டு வந்தால் என்ன நடக்கும்? சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால்?

பார்க்கப் போனால் இவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்க முடியாது. நேயருக்குத் தேவை குரல், மொழி, சமயோசிதம். பேசுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, தாளைப் பார்த்துப் படிக்கிறாரா, விரலால் தடவிப் படிக்கிறாரா என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரியப் போவதில்லை. பார்வையற்ற பிள்ளைகள் பலருக்குச் சிறு வயதிலிருந்தே உற்ற துணை ரேடியோதான். செய்தி வாசிப்பவர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்பது வரை அவர்களுக்கு அத்துப்படி.

நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. மைக் யாரையும் தள்ளுவதில்லை. மைக்கை எட்டுவதற்கு முன்னால் இருக்கும் நாலைந்து விஷயங்கள் தள்ளிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சொற்பச் செலவில் சரிசெய்யக் கூடியவை என்பதுதான் இதில் வருத்தமான செய்தி. நம்பிக்கையான செய்தியும் அதுவே.

பாட்டுக்கு ஒரு நாற்காலி

இந்திய ஒலி உலகத்துக்குப் பார்வையற்றவர்கள் புதியவர்கள் இல்லை. கல்கத்தாவின் கே.சி. டே (1893-1962) சிறு வயதில் பார்வை இழந்தவர். பாடகராகவும் நடிகராகவும் கிராமபோன் காலத்தை ஆண்டவர். பின்னணிப் பாடகர் மன்னா டேயின் சித்தப்பா. கர்நாடகத்தின் கதக் நகரிலுள்ள வீரேஸ்வர புண்யாஸ்ரமம் பஞ்சாட்சர கவாயி, அவரது சீடர் புட்டராஜ கவாயி ஆகியோரால் பார்வையற்ற பிள்ளைகளின் இசைப் பள்ளியாகப் பெயர் பெற்றது. இருவருமே பார்வையற்றவர்கள். புட்டராஜருக்கு 2010-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. இந்திப் படவுலகின் ரவீந்திர ஜெயின் (1944-2015) பிறவியிலேயே பார்வையற்றவர். 'சித்சோர்' படத்துக்காக யேசுதாஸை அவர் பாட வைத்த பாடல்களை விவித் பாரதி நேயர்கள் லேசில் மறக்கமாட்டார்கள்.

பாட்டென்றால் சமூகம் இவர்களை வியப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. வானொலியும் அப்படியே. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1950-களில் வானொலியின் இசைத் தேர்வு முறை சீர்திருத்தப்பட்டது. பாடுபவரைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டு நடுவர்கள் தரம் பிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிபாரிசைத் தடுக்க வந்த இந்த முறையில் ஒரு மறைமுக நன்மையும் இருந்தது. திரைக்கு அப்பால் இருப்பவரின் உடல் தேர்வுக்கு உட்படவில்லை.

ஆனால் பாடகரின் நாற்காலி வேறு, அறிவிப்பாளரின் நாற்காலி வேறு. பாடகர் வருவார், பாடுவார், போவார். அறிவிப்பாளர் நிலையத்தையே சில மணி நேரம் கையில் வைத்திருப்பவர். பாட்டைப் போட வேண்டும், நேரத்தைப் பார்க்க வேண்டும், டெல்லிச் செய்திக்குச் சரியான நொடியில் இணைப்புக் கொடுக்க வேண்டும், திடீரென்று ஏதாவது பழுதானால் சமாளிக்க வேண்டும். "உங்களால் முடியுமா?" என்ற கேள்வி எழுவது இந்த இடத்தில்தான். கேள்வியில் தப்பில்லை. பதிலுக்குக் காத்திராமல் முடியாது என்று முடிவு கட்டுவதில்தான் தப்பு.

பார்வையற்றவர்கள் வானொலி நிலையங்களில் வேலை பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருக்கிறார்கள், பார்க்கிறார்கள். அவர்கள் விதிவிலக்குகளாகப் பேசப்படுகிறார்கள் என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஒலிபரப்பு அறையின் வழக்கங்கள் பெரும்பாலும் கண்ணை நம்பி உருவானவை. ஸ்டுடியோவுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல். அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர் கையை உயர்த்திக் காட்டினால் பேச்சைத் தொடங்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சுவரில் பெரிய கடிகாரம். மேஜையில் அச்சிட்ட தாள்.

இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. பார்வையற்ற ஒலிபரப்பாளர்கள் பல நாடுகளில் பல்லாண்டுகளாகப் பின்பற்றுகிற வழிகள் அவை. கைச் சைகைக்குப் பதில் தோளில் ஒரு தட்டு. அல்லது ஹெட்போனில் "பேசலாம்" என்று ஒரு வார்த்தை. கடிகாரத்துக்குப் பதில் தடவிப் பார்க்கும் கைக்கடிகாரம். தாளுக்குப் பதில் பிரெய்ல் தாள். விரல் ஓடும் உரசல் மைக்கில் கேட்காமலிருக்கத் தாளுக்குக் கீழே ஒரு துணி.

ஹெட்போனின் இரண்டு பக்கங்களையும் பிரித்துக்கொள்வது இன்னொரு உத்தி. ஒரு காதில் நிகழ்ச்சி ஓடும். மறு காதில் கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் பேசும். எழுதியதை மென்பொருள் ஒரு காதில் படிக்கப் படிக்க, ஒரு நொடி இடைவெளியில் தன் குரலில், தன் ஏற்ற இறக்கத்தோடு அதை ஒலிபரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாநாடுகளில் உடனுக்குடன் வாய்மொழிபெயர்ப்புச் செய்பவர்கள் இந்த வித்தையின் அருமையை அறிவார்கள். ஒரு காதில் வாங்கிக்கொண்டே வாயால் வேறொன்றைச் சொல்வது பழகிப் பழகித்தான் வரும்.

சக்கர நாற்காலியில் வருகிறவரின் பிரச்சினை வேறு. அவரைத் தடுப்பது கட்டடம். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க ஸ்டுடியோ வாசலில் அடுத்தடுத்து இரண்டு கனமான கதவுகள் இருப்பது வழக்கம். நடுவில் ஒரு குறுகலான இடைவெளி. அதற்குள் சக்கர நாற்காலி நுழைந்தால் திரும்ப இடமிருக்காது. நிலையம் மாடியில் இருந்து லிஃப்ட் இல்லையென்றால் வாசலோடு சரி. தகுதித் தேர்வில் முதலிடம் வந்தாலும் ஒன்பதாவது படியில் தோற்றுப்போவார். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது, கதவு 900 மில்லிமீட்டராவது அகலமிருக்க வேண்டும் என்றெல்லாம் அரசு வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

மூளை முடக்குவாதத்தால் பேச்சு நிதானப்பட்டவர்கள், திக்கிப் பேசுகிறவர்கள் விஷயத்தில் தடை இன்னும் நுட்பமானது. வானொலிக்கு மௌனம் என்றால் பயம். இரண்டு நொடி இடைவெளி விழுந்தாலே நேயர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார் என்று நினைக்கிறார்கள். தனியார் பண்பலைகளின் மூச்சுவிடாத பேச்சு இந்தப் பயத்தின் குழந்தை. நேரலை ஒத்துவராவிட்டால் பதிவு செய்து வெட்டி ஒட்டும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. நிகழ்ச்சி எழுதுவது, தயாரிப்பது, ஆய்வு செய்வது என்று மைக்குக்கு வெளியே எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. காது மந்தமானவர்கள்கூட ஒலியளவு காட்டும் கருவிகளின் துணையோடு இந்த வேலைகளில் பலவற்றைச் செய்யலாம்.

கத்தியிலிருந்து சுட்டிக்கு

தொழில்நுட்பம் இவர்களுக்கு ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொன்றைச் சாத்துவதும் உண்டு. காந்த நாடா காலத்தில் எடிட்டிங் என்பது கைவேலை. நாடாவை முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டு, வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்து, பள்ளம் வைத்த கட்டையில் பொருத்திச் சவரக் கத்தியால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். காதும் விரலும் போதும். பழகிய பார்வையற்றவர் இதில் யாருக்கும் இளைத்தவரில்லை.

பிறகு கணினி வந்தது. ஒலி என்பது திரையில் ஓடும் அலைக்கோடாக மாறியது. சுட்டியால் கோட்டைப் பிடித்து வெட்ட வேண்டும். கேட்கும் வேலை பார்க்கும் வேலையாகிவிட்டது. பார்வையற்றவர்களுக்கு இது பெரிய பின்னடைவு.

மீட்டுக் கொடுத்ததும் கணினிதான். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள் வந்தன. ஆரம்பத்தில் அவற்றின் விலை நம்மவர்கள் நெருங்க முடியாததாக இருந்தது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை உருவாக்கும் வேலையில் இறங்கினார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தமிழிலும் பேசும். ஒலித் தொகுப்பு மென்பொருள்களில் சிலவற்றைச் சுட்டியே தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்க முடிகிறது. 'ரீப்பர்' என்ற மென்பொருளுக்கு இதற்கென்றே 'ஒசாரா' என்ற இணைப்பை எழுதியிருக்கிறார்கள். இருபது எழுத்துகள் மேலெழும் 'ஆர்பிட் ரீடர் 20' போன்ற கையடக்க பிரெய்ல் கருவிகள் வந்துவிட்டதால் கத்தைத் தாள்களைச் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது அடுத்த கதவு சாத்தப்படுகிறது. பழைய ஒலிக் கலவை மேஜையில் ஏற்றி இறக்கும் குமிழ்களைக் கையால் தடவி நிலையை அறியலாம். புதிய மேஜைகள் சில வழுவழுப்பான தொடுதிரையாக வருகின்றன. விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. கருவி வாங்கும்போதே பார்வையற்றவராலும் இதை இயக்க முடியுமா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். டெண்டரில் அதற்கு ஒரு வரி செலவாகும்.

சட்டம் தரும் இடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர். இவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். மொத்தத்தில் ஏதாவதொரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் இது 23 சதவீதமாகச் சுருங்குகிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. ஊனமுற்றோருக்கான முதல் விரிவான சட்டம் 1995-ல் நிறைவேறியது. அதற்காக டெல்லித் தெருக்களில் போராடியவர்களில் முக்கியமானவர் ஜாவேத் ஆபிதி (1965-2018). அமெரிக்காவில் இதழியல் படித்து, பத்திரிகையாளராகும் கனவோடு 1989-ல் நாடு திரும்பியவர். சக்கர நாற்காலியில் இயங்கிய அவருக்கு ஊடக வேலை லேசில் அமையவில்லை. ஒரு நல்ல பத்திரிகையாளரை இழந்து நாடு ஒரு போராளியைப் பெற்றது. எல்லோருக்கும் அப்படி ஒரு மாற்றுப் பாதை வாய்ப்பதில்லை.

1995 சட்டம் ஏழு வகை ஊனங்களையும் 3 சதவீத இடஒதுக்கீட்டையும் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2016 சட்டம் 21 வகைகளையும் 4 சதவீதத்தையும் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்களுக்கு இந்த ஒதுக்கீடு. பணியாளருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்கிறது சட்டம். வேலையிலிருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை வெளியே அனுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. எழுத்துத் தேர்வில் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது 2018-ன் வழிகாட்டு நெறி.

பிறகு எங்கே இடிக்கிறது? ஆகாசவாணியில் அன்றாட அறிவிப்பு வேலையின் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் 'கேஷுவல்' அறிவிப்பாளர்கள். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, 'வாணி' என்ற பயிற்சி எல்லாம் முடித்தவர்கள்தான். ஆனாலும் மாதத்துக்கு ஆறு முறை என்ற வரம்புக்குள் கூப்பிட்டனுப்பி, அந்தந்த நாள் வேலைக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு அது. நிரந்தரப் பணியிடமாக அது கணக்கில் வராது. இடஒதுக்கீடு பணியிடங்களைக் கணக்கிட்டுத் தரப்படுவது. பணியிடம் நிரப்பப்படாத நிலையத்தில் 4 சதவீதம் என்பது சைபரில் 4 சதவீதம்.

தனியார் பண்பலைகள் தனிக் கதை. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை தொடங்கியதிலிருந்து ரேடியோ ஜாக்கி என்பது இளைஞர்களின் கனவுத் தொழிலாகிவிட்டது. தனியார் துறையை இடஒதுக்கீடு கட்டாயப்படுத்தவில்லை. மொத்தப் பணியாளர்களில் 5 சதவீதமாவது ஊனமுற்றவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கம் தர வேண்டும் என்கிறது சட்டம், அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்ற விதி மட்டும் தனியாருக்கும் பொருந்தும். வேலை கேட்டுப் போகிறவர்கள் அந்தக் கொள்கையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

நீதிமன்றங்கள் அண்மைக் காலத்தில் கறாராகப் பேசுகின்றன. பொது இடங்களையும் சேவைகளையும் ஊனமுற்றோர் அணுகும்படி செய்வதற்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 மார்ச் 3 அன்று இன்னொரு தீர்ப்பு. பார்வையற்றவர் என்ற காரணத்தால் ஒருவரை நீதித் துறைப் பணியிலிருந்து ஒதுக்க முடியாது என்றது. சாட்சியை எடை போட்டுத் தீர்ப்பு எழுத ஒரு பார்வையற்றவரால் முடியும் என்றால், வானிலை அறிக்கை வாசித்து அடுத்த பாட்டைப் போட முடியாதா என்ன?

காத்திராதவர்கள்

நிலையங்கள் கதவைத் திறக்கும் வரை எல்லோரும் வாசலில் நிற்கவில்லை. டெல்லியைச் சேர்ந்த ஸ்கோர் ஃபவுண்டேஷன் 'யே ஹை ரோஷ்னி கா காரவான்' என்ற தொடரை ஆகாசவாணியிலேயே கொண்டுவந்தது. பார்வையற்றோரின் வாழ்க்கை, படிப்பு, வேலை பற்றிய நிகழ்ச்சி. அந்த அமைப்பை நிறுவிய ஜார்ஜ் ஆபிரகாம் பார்வைக் குறைபாடு உள்ளவர். பார்வையற்றோருக்கான உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கு 1998-ல் வித்திட்டவரும் இவரே.

அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. 2014-ல் பஞ்சாபைச் சேர்ந்த டேனிஷ் மகாஜன் 'ரேடியோ உடான்' என்ற இணைய வானொலியைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர், நடத்தும் குழுவினரும் பார்வையற்றவர்கள். ஆளுக்கொரு ஊரில் தங்கள் வீட்டிலிருந்தே கணினி மூலம் ஒலிபரப்புகிறார்கள். பாட்டும் அரட்டையும் உண்டு. சட்ட உரிமைகள், தொழில்நுட்பம், வேலைவாய்ப்பு என்று கனமான விஷயங்களும் உண்டு. அலைவரிசை உரிமம் வேண்டியதில்லை, கோபுரம் வேண்டியதில்லை, படிக்கட்டும் இல்லை. தொழில்நுட்பமும் தொகுப்பும் பார்வையற்றவர் கையிலேயே இருக்க முடியும் என்பதற்கு வேறு நிரூபணம் தேவையில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் நடந்த ஒரு பரிசோதனையும் கவனிக்கத் தக்கது. 'சங்கீத் ஸ்வரா' என்ற தொலைபேசிச் சேவையை ஆய்வாளர்கள் சிலர் நடத்திப் பார்த்தார்கள். சாதாரண செல்போனில் கூப்பிட்டுப் பாட்டையோ கவிதையையோ பதியலாம். மற்றவர்கள் கேட்டு ஓட்டுப் போடலாம். கிராமத்து மக்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. ஓசைப்படாமல் அதில் வந்து நிறைந்தவர்களில் பார்வையற்றவர்கள் கணிசமானவர்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. படிக்கத் தேவையில்லாத, பார்க்கத் தேவையில்லாத ஒரு மேடை கிடைத்தது, ஏறிக்கொண்டார்கள். பேச ஆளில்லை என்று எந்த நிலையமும் சாக்குச் சொல்ல முடியாது.

2022-ல் நாக்பூரில் 'ரேடியோ அக்ஷ்' வந்தது. பார்வையற்றோருக்காக நூல்களையும் கல்விப் பாடங்களையும் ஒலி வடிவில் தரும் இணைய வானொலி. தன்னார்வலர்கள், அதிலும் பெண்கள், குரல் கொடுத்துப் பதிவு செய்து உருவாக்கியது. அச்சில் இருப்பதைக் காதுக்குக் கொண்டுவரும் நல்ல சேவை.

உடானுக்கும் அக்ஷுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் ஒரே உருபில் சொல்லிவிடும். ஒன்று பார்வையற்றோருக்காக, மற்றது பார்வையற்றோரால். இரண்டும் தேவை. ஆனால் நம் நாட்டில் நான்காம் வேற்றுமைக்குக் கிடைக்கிற கைதட்டல் மூன்றாம் வேற்றுமைக்குக் கிடைப்பதில்லை. அவர்களுக்காக ஏதாவது செய்ய எல்லோரும் தயார். அவர்களே செய்வதற்கு நாற்காலி கொடுக்கத்தான் தயக்கம்.

இணைய வானொலிக்கு எல்லைகளும் உண்டு. வருமானம் குறைவு. சட்டைப் பைக்குள் இருக்கும் சின்ன ரேடியோவில் அது கேட்காது. எல்லாவற்றையும்விட, அவர்களுக்குத்தான் தனி வானொலி இருக்கிறதே என்று பொது நிலையங்கள் கைகழுவிவிடும் ஆபத்து இருக்கிறது.

அருகிலிருக்கும் கதவு

இளைஞர் ஒருவர் இன்றைக்குத் தொடங்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்? ஊரிலிருக்கும் சமுதாய வானொலிதான் கைக்கெட்டிய இடம். காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்த நிலையங்களுக்கு வித்து. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி வந்தது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2008-ல் தெலங்கானாவின் பஸ்தாபூரில் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் கற்றுக்கொண்ட நிலையம் அது. இப்படிப்பட்டவர்களால் முடியாது என்று எழுதிவைத்த பட்டியலில் ஒரு பெயர் அன்றைக்கு அடிபட்டது.

இன்று நாட்டில் சுமார் 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன. 100 வாட் சக்தி, 30 மீட்டர் கோபுரம், சில மைல் சுற்றளவு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு தயாராக வேண்டும் என்பது விதி. அந்த மக்களில் ஊனமுற்றோரும் அடக்கம். ஒரு நிகழ்ச்சி, ஒரு சிறு தொடர், பிறகு ஒரு மணி நேர நேரலை என்று படிப்படியாகப் பழகலாம். குரல் தேர்வுக்குப் போகும்போது பதிவு செய்த சொந்த நிகழ்ச்சி கையிலிருந்தால், முடியுமா என்ற கேள்விக்கு அதுவே பதில். வாசிக்கத் தரும் பகுதியைப் பிரெய்லிலோ கணினிக் கோப்பாகவோ வேண்டுமென்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. தேர்வு நாளன்று கேட்டால் கையை விரிப்பார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. பிபிசி வானொலி 1961-லிருந்து பார்வையற்றோருக்காக 'இன் டச்' என்ற நிகழ்ச்சியை நடத்திவருகிறது. 1974-ல் அதைத் தொகுக்க வந்தவர் பீட்டர் ஒயிட். பிறவியிலேயே பார்வையற்றவர். அந்த நிகழ்ச்சியோடு அவரை நிறுத்திவிடாமல் பிபிசி 1995-ல் ஊனமுற்றோர் விவகாரச் செய்தியாளராக நியமித்தது. தொடங்கியது தனி நிகழ்ச்சியில் என்றாலும் பொதுச் செய்தியிலும் அவர் குரல் கேட்டது. தனிச் சன்னல் வழியாக வந்தவருக்குப் பெரிய கதவும் திறந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

உடலில்லாத குரல்

ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதி என்ற ஒரே குடையின் கீழ் இருப்பவை. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் கிசான் சேனலில் 'கிரிஷ்', 'பூமி' என்ற இரண்டு புதிய தொகுப்பாளர்கள் வந்தார்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பொம்மைகள். 50 மொழிகளில் பேசும், களைப்பு கிடையாது, விடுப்புக் கேட்காது என்று விளம்பரம். வானொலிக்கும் இது வந்து சேர எத்தனை நாளாகும்? போலந்து நாட்டின் கிராக்கோவில் 2024 அக்டோபரில் ஒரு வானொலி நிலையம் மனிதத் தொகுப்பாளர்களை அனுப்பிவிட்டுச் செயற்கைக் குரல்களை வைத்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாளிலேயே அந்தச் சோதனையைக் கைவிட்டது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. உடலே இல்லாத குரலுக்கு நாற்காலி போட நிறுவனங்கள் அவசரப்படுகின்றன. உடல் கொஞ்சம் மாறுபட்ட மனிதக் குரலுக்கு ஒரு சாய்தளம் போட மாமாங்கக் கணக்கில் யோசிக்கின்றன. செயற்கைக் குரலுக்காக மென்பொருள் வாங்க முடிந்த இடத்தில், கணினியில் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்ற முடியாதா?

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றும் பெரிதில்லை. குரல் தேர்வுத் தாளைக் கோப்பாகவும் தருவது. தரைத்தளத்தில் ஒரு ஸ்டுடியோவையாவது சக்கர நாற்காலி நுழையும்படி மாற்றுவது. ஒலிபரப்புக் கணினிகளில் திரையைப் படிக்கும் மென்பொருளை நிறுவுவது. தொட்டு உணரக்கூடிய குமிழ்களுள்ள மேஜைகளை வாங்குவது. கேஷுவல் பட்டியலிலும் ஊனமுற்றோருக்கு இடம் ஒதுக்குவது. தனியார் பண்பலைகள் தங்கள் சம வாய்ப்புக் கொள்கையை வெளியே ஒட்டிவைப்பது. கடைசியாக, நிலையத்தில் இருப்பவர்களுக்குக் கைச் சைகைக்குப் பதிலாகத் தோளில் தட்டப் பழக்குவது. இந்தக் கடைசி வேலைக்குக் காசே தேவையில்லை.

விக்லாங்கோ, திவ்யாங்கோ, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளியோ, எந்தச் சொல் நிலைக்கும் என்பதை மொழி பார்த்துக்கொள்ளும். ரேடியோவில் அறிவிப்பாளருக்கு வழக்கமாகக் கிடைக்கிற அறிமுகம் ஒன்று உண்டு. பெயரும் ஊரும் நிலையமும் மட்டுமே. பார்வையற்ற இளைஞர் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து அந்த அறிமுகத்தைச் சொல்லும்போது அடைமொழி எதுவும் வேண்டியிருக்காது. கேட்பவர் அடுத்த பாட்டு என்னவென்று காத்திருப்பார், அவ்வளவுதான்.